குறை சொல்லாத கார்

நொறுங்கிய காரை லாரியில் கட்டி இழுத்துவந்து, சோதனை மையத்து இயந்திரத்தின் முன் நிறுத்தச் சொன்னாள் மரகதவல்லி. எஃப்.சி.க்காக அடித்த புது பெயின்ட் இன்னும் பளபளத்தது.

“போன மாசம் எஃப்.சி. காட்ட வந்தப்போ, பிரேக் சரியா பிடிக்கலையேன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரில்ல?”

“வண்டியே மெஷின்கிட்ட குறை சொன்னாத்தான் மேடம் பதிவாகும்,” என்றார் ஊழியர். “இது அம்பது வருசத்துப் பழசு, குறை சொல்ல உள்ள கம்ப்யூட்டரே கிடையாது. எதுவும் சொல்லல.”

“அதனால நல்ல வண்டின்னு தாள் குடுத்துட்டீங்க. மெஷினே சொல்லிடுச்சுன்னு நம்பி மலை இறங்கினவரு வீடு வந்து சேரல. இப்பவும் அதையே கேளுங்க.”

ஊழியர் தலைகுனிந்தபடி பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

“குறை ஏதுமில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமரவும்,” என்றது இயந்திரம்.

அந்த இருக்கைக்குள் ஸ்டியரிங் புதைந்திருந்தது.