பூப் பலகை

வகுப்பறைத் தரையில் காலை வெயில் பாய் விரித்திருக்கிறது. குழந்தைகள் பறித்து வந்த பூக்களை அழுத்திக் காயவைக்கக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, இரண்டு பலகைகளுக்குள் அடுக்கியிருக்கிறார் டீச்சர். காகிதக் கட்டு உப்பியிருப்பதால் மூலை போல்ட்டுகளில் நட்டு ஏற மறுக்கிறது. "யாராவது மேல உட்காருங்கப்பா." ரெட்டைச் சடைக்காரி உட்காருகிறாள், பலகை அசையவில்லை. "நீ உட்கார்ந்தா பூவுக்குக் கூச்சம்தான் வரும்," என்கிறான் வாயாடி. அவனும் உட்கார்ந்து தோற்கிறான். எல்லார் கண்ணும் கடைசி வரிசைக்குப் போகிறது. தினமும் 'மூட்டை' என்று கேலிக்கு ஆளாகும் பையன் அங்கே தலை குனிகிறான். வாயாடியே அவனிடம் போகிறான். "வாடா, உன்னாலதான் முடியும்." "சிரிப்பீங்க." "சத்தியமா சிரிக்க மாட்டோம்டா." அவன் வந்து, பிரார்த்தனைக்கு அமர்வதுபோல் மெல்ல அமர்கிறான். பலகை இறங்குகிறது, டீச்சர் நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகுகிறார். "பூ கிழிஞ்சிடுமா டீச்சர்?" "கிழியாது ராஜா, நல்லா உட்காரு." சுற்றி நிற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்க்கிறார்கள். அவன் முதுகு மெதுவாக நிமிர்கிறது. கடைசி நட்டு எப்போதோ இறுகிவிட்டது. டீச்சர் மட்டும் அதை இன்னும் திருகுவதுபோல் விரலை எடுக்காமல் இருக்கிறார்.