மூன்றாவது பெயர்

“சொந்த மகனுக்கே முதல் பரிசா? கேட்க ஆளில்லேன்னு நெனச்சிட்டீங்களாய்யா?”

ரப்பர் தோட்டத்துக் கணக்கரான கிராணி பெர்னார்டின் வீட்டு வாசலில் நின்று பரஞ்சோதி கேட்டான். அவன் பின்னால் பாதித் தோட்டமே திரண்டிருந்தது. பெர்னார்ட் தலை நிமிரவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், மெட்ராஸிலிருந்து சினிமாப் பத்திரிகைகளை வரவழைத்துப் படித்தவர் அவர். விமர்சகர்கள் யாரைப் புகழ்கிறார்கள், ரசிகர் சங்கங்கள் யாருக்குப் பரிசு தருகின்றன என்று பார்த்தே, பெரிய விருதுக்கு யார் பெயர் போகும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் பலித்துவிடும்.

இப்போது ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக நடிப்புப் போட்டி வைத்தான். மெர்போக்கில் வென்றவனையும் பெண்டாங்கில் வென்றவனையும், அலோர் ஸ்டாரில் பெரிய விருது என்று சொல்லி லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். மூன்றாவது பெயர் இந்தத் தோட்டத்தினுடையது. தீர்ப்புச் சொல்வது கிராணியின் பொறுப்பு.

“நேத்துக் காலையிலகூட என்ன சொன்னீங்க? ‘ரெண்டு எடத்துலயும் சோக வேசக்காரனுக்குத்தான் குடுத்திருக்கான், அதனால இங்க நீதான்’னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்.”

“உங்க மகன் அந்தோணி நேத்து ராத்திரி மேடையில வசனத்த மறந்துட்டு முழிச்சான்லா. எல்லாரும்தானே பார்த்தோம்.”

யாரோ காறித் துப்பினார்கள்.

பிரேமாவதி கைக்குழந்தையோடு வந்து புருஷன் பரஞ்சோதியின் தோளைத் தொட்டாள். “விடுங்க, போவலாம்.”

அவன் நகரவில்லை. மரவள்ளிக் கிழங்கை மட்டுமே தின்று கிடந்த இந்த நாட்களில், அவனுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஆசை அந்த மேடைதான்.

லாரி வந்து நின்றது. அந்தோணிதாஸ் சிறு துணிமூட்டையோடு வெளியே வந்தான். பரஞ்சோதியின் குழந்தையைக் கன்னத்தில் தொட்டு, “வரேண்ணே” என்றான். பரஞ்சோதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தோணி அப்பாவைக் கட்டிப்பிடித்து வெகு நேரம் நின்றான். காவலுக்கு வந்த சிப்பாய் அதட்டியதும் ஏறிக்கொண்டான்.

லாரி ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. பெர்னார்ட் வாசற்படியில் உட்கார்ந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

“மகன் பரிசு வாங்கத்தானே போறான். எதுக்கு அழுவுறீங்க?” என்றான் பரஞ்சோதி, கோபம் ஆறாமல்.

“பரிசும் இல்ல, விருதும் இல்லப்பா. முன்னாடி போன ரெண்டு பேரும் சயாம் ரயில் பாதை போடுற வேலையில செத்துட்டாங்க. நேத்து சாயங்காலம்தான் லாரிக்காரன் சொன்னான். ஒரு பேரு குடுத்தே ஆகணும்னு ஜப்பான்காரனுங்க துப்பாக்கியோட நின்னாங்க. அந்தோணிக்கும் தெரியும். ஊரான் புள்ள பேர நான் எப்படிப்பா சொல்லுவேன்?”