கல்யாண டிஸ்க்

"அப்பா, உங்க கல்யாண டிஸ்க் இதுல ஓடும்பா! மாமா சொன்னாரு!"

மகள் கவிநிலா கத்தியதும் சக்திவேலுக்கு டீ புரையேறியது. மனைவி வேதாவின் பெங்களூர்த் தம்பி, தன் பழைய ப்ளேஸ்டேஷனை அக்கா மகளுக்கு அனுப்பியிருந்தான். கேம் ஆடுகிற பெட்டிதானே என்று சக்திவேலே அதை டிவியில் மாட்டிக் கொடுத்தான். அது புளூரே டிஸ்க்கையும் விழுங்கும் என்று யார் கண்டது?

"அதெல்லாம் வேற ஃபார்மட்டும்மா. உள்ள போட்டா சிக்கிக்கும். பெட்டியே போயிடும்."

"பெட்டி மேலயே புளூரேன்னுதானே போட்டிருக்கு?"

"இத்தினி வருசம் கழிச்சு இப்பவாச்சும் பார்ப்போமே" என்றபடி வேதா பீரோவைத் திறந்தாள். பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து நீல உறையை எடுத்தாள்.

சக்திவேல் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

கல்யாணத்தன்று கிரிவலப் பாதை மண்டபத்தில், மணமேடைக்குக் கிளம்பும் முன், மாப்பிள்ளை அறையில் நண்பன் மணியிடம் அவன் வாயை விட்டிருந்தான். "எனக்குப் பொண்ணப் புடிக்கலடா. அம்மா அழுததால ஒத்துக்கிட்டேன்." சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் வீடியோ கேமரா. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேமராக்காரரோ பெண் வீட்டுச் சொந்தம். அந்த இடத்தை வெட்டுங்கள் என்று எந்த முகத்தோடு அவரிடம் போய்ச் சொல்வது?

கல்யாணம் முடிந்ததும் அவரே வந்து, "மாப்ள, டிவிடியா புளூரேவா?" என்று கேட்டபோதுதான் சக்திவேலுக்கு மூச்சு வந்தது. அப்போது ஊரில் வீட்டுக்கு வீடு டிவிடி பிளேயர்; அதில் புளூரே ஓடாது. புளூரே ஓட்டுகிற மெஷின் தெரிந்தவர்கள் ஒருவர் வீட்டிலும் கிடையாது.

"புளூரேதான். விலை ஜாஸ்தியானாலும் பரவால்ல. அது மட்டும் போதும், டிவிடி வேணாம்."

மாப்பிள்ளைக்கு எவ்வளவு தாராள மனசு என்று மாமனார் வீடே பூரித்துப் போனது.

அதன் பிறகு பிளேயர் வாங்கலாமா என்று வேதா பேச்செடுத்த போதெல்லாம் ஐயாவிடம் பதில் தயார். "டிஸ்க் கம்பெனிங்களுக்குள்ள சண்டை வேதா. எது ஜெயிக்குதுன்னு தெரியட்டும்." அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, அது வேதாவுக்கு எங்கே தெரியப் போகிறது! அப்புறம், "விலை கம்மியாகட்டும்." அதற்கும் அப்புறம், "டிஸ்க்கே ஒழியப் போவுது, இப்பப் போயி மெஷின் வாங்குவாங்களா?" ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் தங்கும் வெள்ளைக்காரர்களிடம் இருக்குமே, கேட்டுப் பார்க்கலாமா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு எரிந்து விழுந்தான். உடைத்துப் போட்டுவிடலாம் என்றாலோ, பீரோ சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

இன்றைக்கு வேதா இரண்டு நாள் ஊருக்குப் போனால் அவனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அன்று அப்படிச் சொன்ன அந்தப் பழைய சக்திவேல் கையில் கிடைத்தால் அவனே அறைந்துவிடுவான். அந்தப் பேச்சை அவள் கேட்டுவிட்டால்? அதுவும் பெற்ற மகளின் எதிரில்?

டிஸ்க் உள்ளே போனது. பாழாய்ப் போனது, ஒரு திக்கல் திணறல் இல்லாமல் படமும் வந்தது. ரோஜாப்பூக்களுக்கு நடுவே பெயர்கள் சுழன்றன. பெண் அழைப்பு முடிந்தது. மாப்பிள்ளை அறைக் கதவு தெரிந்தது.

"போதும் கவி, நிறுத்து. கடைக்கு நேரமாவுது."

"நீங்க போங்கப்பா. நாங்க பார்க்கறோம்."

டிவியில் இளவயது சக்திவேல் மணியின் தோளில் கை போட்டான். வாயைத் திறந்தான். சோபாவில் இருந்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டமடமவென்று கெட்டிமேளம் முழங்கியது.

கண்ணைத் திறந்தான். திரையில் அவன் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. மேளமும் நாதஸ்வரமும் காதைப் பிளந்ததில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"இன்னாம்மா இது, தாலியே கட்டல, அதுக்குள்ள கெட்டிமேளம்!" என்று கவிநிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது. எவனோ எடிட்டிங்கில் செய்த தப்பு! அவன் நன்றாக இருக்கட்டும் என்று சக்திவேல் மனதுக்குள் வாழ்த்தினான்.

வேதா அவன் பக்கமாகச் சாய்ந்தாள். மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே, வீடியோவுக்குப் பாட்டு செலக்ட் பண்ண என்னை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டாங்க. ஆகாத பேச்சு காதுல விழக்கூடாதுன்னுதானே கெட்டிமேளம் கொட்டறது? அந்த இடத்துல அதைப் போடச் சொன்னதே நான்தாங்க."