மாற்றத்துக்கான காரணம்

"அடியே, உன் கத்துக்குட்டி மறுபடியும் வந்துட்டான்!"

ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அறைத்தோழி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவளுடைய லேப்டாப்பை ஏதோ தன் சொத்து மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நானா தொட்டேன்? அதுவா சத்தம் போட்டுச்சு. என்னன்னு எட்டிப் பார்த்தேன்."

லேப்டாப்புக்குச் சொந்தக்காரிக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஓட்டம், இல்லாவிட்டால் லினக்ஸ் கணினியில் நிரல் எழுதுவது. ஓடுகிறவர்களுக்காக அவளே ஒரு செயலி எழுதியிருந்தாள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்லும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். அவள் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாற்றத்துக்கான காரணத்தைக் கீழே எழுத வேண்டும். எழுதாவிட்டால், எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் அனுப்பினாலும் திருப்பிவிடுவாள்.

கத்துக்குட்டி கெட்டிக்காரன் இல்லை. 'கத்துக்குட்டி' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் முன்பு வந்து சேர்ந்த ஆசாமி. முதல் தடவை நிரல் மொத்தத்தையும் அழித்துவிட்டு ஒரே ஒரு வரியை அனுப்பினான். "இந்தக் கட்டளையை எழுதி என்டர் தட்டவும்" என்று அவள் சொல்லிக்கொடுத்தால், கட்டளையோடு 'என்டர் தட்டவும்' என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லையே?" என்று கேட்டான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனாலும் அப்பாவியாக இருந்ததால் கோபம் வரவில்லை. ஒவ்வொரு படியாக எழுதிக் கற்றுக்கொடுத்தாள்.

இத்தனை பாடும் ஒரே ஒரு வார்த்தைக்காக. செயலியைத் திறந்ததும் வரும் பொத்தானில் 'ஓடு' என்று இருந்தது. அதை மாற்ற வேண்டுமாம். ஏன் என்று மட்டும் எழுத மாட்டான்.

"மூணு தடவை திருப்பிட்டே, இன்னும் அசரலை பாரு. பையனுக்கு உன்மேல ஒரு கண்ணுடி."

"போடி இவளே. காரணம் எழுதச் சொன்னா வாயடைச்சுப் போறவனுக்குக் கண்ணு ஒண்ணுதான் குறைச்சல்."

"அந்த வார்த்தையில என்னதான் இருக்கு? முன்னாடி 'தொடங்கு'ன்னு நல்லாத்தானே இருந்துச்சு? 'ஓடு'ன்னா யாரோ விரட்டற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். அதைப் பார்த்தாத்தான் எனக்குக் காலு நகருது."

சொன்ன வேகத்தில் ஷூ லேஸ் சிக்கிக்கொண்டது. அவிழ்த்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அம்மா.

"எந்திரிச்சிட்டியா? ஓடப் போறியா? பாத்துப் போ, தரையெல்லாம் ஈரமா இருக்கும்."

"சரிம்மா. வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

"எல்லாரும்னா எத்தனை பேரு? நானும் உங்கப்பாவும்தானே. அவரு அப்படியேதான். வாயே திறக்கறதில்ல. எதையாவது நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

அவள் லேஸை இழுத்துக் கட்டினாள்.

அப்பாவோடு பேசிப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து வேலை வந்தது. வீட்டில் உட்கார்ந்து எழுதும் நிரலைக்கூட யாருக்கும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். லாரிப் பட்டறையில் முதுகொடிய உழைத்துப் படிக்க வைத்த அப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஓப்பன் சோர்ஸாம்! ஓசி சோர்ஸ்னு சொல்லு!" என்று கத்தினார். அவளும் சும்மா இருக்கவில்லை. பேச்சு முற்றி, கடைசியில் அவர் ஒன்று சொல்ல, அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்பாவை அவள் தேடாத நாள் இல்லை. தினமும் ஓடி முடித்ததும் மூச்சிரைக்க அவர் எண்ணை அழுத்துவாள். மணி அடிப்பதற்குள் துண்டித்துவிடுவாள். இந்த வீம்பும் அவரிடமிருந்து வந்ததுதான்.

போனை வைத்ததும் அறைத்தோழி மெல்லச் சொன்னாள். "நீயே ஒரு வார்த்தை பேசிடேன்."

"அவரு பேசட்டும்."

"அவருக்கும் மனசுக்குள்ள இருக்கும்டி. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம இருக்கலாம்."

"எங்கப்பாவா? மன்னிப்புக் கேக்கற ஜென்மமா அது?" கண் கலங்குவதை மறைக்க லேப்டாப் பக்கம் கையை நீட்டினாள். "விடு. நீ பாத்த மாப்பிள்ளை என்ன கிறுக்கி வெச்சிருக்கான், காட்டு."

ஆச்சரியம், இந்தத் தடவை ஒரு தப்புகூட இல்லை. அவள் சொல்லிக்கொடுத்த படிகள் அத்தனையும் வரிசை பிசகாமல் இருந்தன. சிவப்புக் கோட்டில் பழைய வார்த்தை: 'ஓடு'. கீழே பச்சைக் கோட்டில் புதிய வார்த்தை: 'ஓடி வா'.

"ஓடி வாவாம்!" அறைத்தோழி கட்டிலிலேயே துள்ளினாள். "நான் சொன்னேன்ல? கூப்பிடறான் பாரு!"

"துள்ளாதே. காரணம் எழுதியிருக்கானா பாரு. இல்லேன்னா திருப்பிடு."

"எழுதியிருக்கான், எழுதியிருக்கான். முதல் தடவையா எழுதியிருக்கான். இரு, படிக்கிறேன்..."

சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். லேப்டாப்பை இவள் பக்கம் திருப்பினாள்.

'காரணம்: அன்னைக்கு வாசல்ல நின்னு உன்னைப் பார்த்து 'ஓடு'ன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். – அப்பா.'