பக்கத்து வீட்டுப் புகை

"எங்க ஆபீஸ்ல ஒரு சொட்டு டீசல்கூட எரியல சார்!" என்று கார்பன் புகைக் கணக்கைச் சரிபார்க்க வந்தவரிடம் கத்தினார் மின் நிறுவன மேலாளர். கத்தாவிட்டால் காதில் விழாது.

"அப்ப இந்த டபடப சத்தம்?"

"பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சார். அந்தப் புகை அவங்க கணக்கு."

மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டம்மா உள்ளே வந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது தம்பி. ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் அணைச்சுக்கட்டுமா?"

"உங்க ஜெனரேட்டருக்கு இவர்கிட்ட எதுக்கும்மா கேக்குறீங்க? தாராளமா அணைங்க!" என்றார் கணக்குப் பார்க்க வந்தவர்.

மேலாளர் வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினார். அதற்குள் அந்த அம்மா ஜன்னல் வழியே அணைக்கச் சொல்லித் தன் வீட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டார்.

சத்தம் நின்றது. கூடவே மேலாளரின் மின்விசிறி, விளக்கு, 'புகையில்லா மின்சாரம்' என்று மின்னிய பலகை எல்லாம் அணைந்தன.

இருட்டில் கணக்குப் பார்க்க வந்தவரின் குரல் கேட்டது:

"இப்பதான் சார் உங்க கணக்கு சரியா வருது!"