ஒரு ஊக்கு கூட விடாமல்

தடித்த குப்பைப் பையின் வாய்க்குள் வேக்குவம் கிளீனரின் குழாயைச் செருகி, விளிம்பைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள் மோஹிரா. பைக்குள் இருந்த, கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த பஞ்சுப் போர்வை முனகிக்கொண்டே சுருங்கி, அப்பளமாகப் பெட்டியின் அடியில் போய்ப் படுத்தது.

மாமியார் ஓய்ஷா நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான் நீ," என்றாள். நான்கு வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. மோஹிராவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அந்த நான்கு வருஷத்தில் அவள் புருஷன் கோமில் வீட்டில் இருந்தது மொத்தம் ஏழு மாதம். மிச்ச நாளெல்லாம் ரஷ்யாவில், சமாராவில், கட்டட வேலை. பிள்ளை ஏன் இல்லை என்று கேட்காத வாய் அவர்கள் ஊரான இஸ்ஃபாராவில் கிடையாது. புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே, பிள்ளை என்ன பார்சலிலா வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தடவை கோமிலே சொல்லிவிட்டான், நீயும் கிளம்பு, டிக்கெட் என் போனில் இருக்கிறது என்று. அன்றிலிருந்து மோஹிராவின் கால் தரையில் பாவவில்லை. சமாராவில் ஒரு அறை, அதில் ஒரு அடுப்பு, ராத்திரிச் சோற்றுக்குப் புருஷன் வந்து உட்காருவான். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஓய்ஷா போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: மருமகளின் சாமானில் ஒரு ஊக்கு கூட வீட்டில் தங்கக் கூடாது, எல்லாம் ஒரே பெட்டியில் போக வேண்டும். மோஹிரா அதைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டாள். துணிகளைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டினாள். தேநீர்க் கிண்ணங்களுக்குள் காலுறைகளைத் திணித்தாள், ஷூவுக்குக் குளியல் தொப்பியை மாட்டினாள். சங்கிலி சிக்கிக்கொள்ளாமல் இருக்க அதை ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவுக்குள் கோத்தாள். எண்ணெய்ப் பாட்டிலின் மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் துண்டு. ஊக்குகள் தீப்பெட்டிக்குள் போயின.

ஓய்ஷாவும் சும்மா இருக்கவில்லை. வீடு முழுக்கத் தேடித் தேடி, சீப்பு, பாதி கரைந்த சோப்பு, ஒரு பழைய கரண்டி என்று கொண்டுவந்து கொடுத்தபடியே இருந்தாள். சமாராவில் கரண்டி கிடைக்காதா என்று மோஹிரா சிரித்தாள். "உங்கம்மா குடுத்ததுடி, இங்க எதுக்கு?" என்றாள் ஓய்ஷா.

பெட்டி ஒன்று தொலைந்தாலும் இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி இருக்கட்டும் என்று, தன் உடைகளில் இரண்டைக் கோமிலின் பெட்டியில் சொருகினாள் மோஹிரா. ஓய்ஷா அவற்றை விரல் நுனியால் தூக்கி வெளியே போட்டாள்.

"ஆம்பள பெட்டியில பொம்பளத் துணியா? ஏர்போர்ட்ல தொறந்து பாத்தா எம்புள்ள மானம் போயிடும். உன்னுது உன் பெட்டியிலயே இருக்கட்டும்."

அதுவும் நியாயம்தான் என்று அந்த இரண்டையும் இன்னும் ஒல்லியாகச் சுருட்டித் தன் பெட்டியின் மூலையில் அடைத்தாள். மேலே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். மூடிக்கொண்டது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஓய்ஷா தந்தூரில் சுட்ட ரொட்டியோடு வந்தாள். பயணம் போகிறவர் அதில் ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து தின்று முடிக்கும் வரை மிச்ச ரொட்டி சுவர் ஆணியில் அவருக்காகக் காத்துத் தொங்கும். கோமில் கடித்துவிட்டுப் போன ரொட்டிகளைத் தூசு தட்டி, எறும்பு அண்டாமல் காத்து வந்தவள் மோஹிராதான்.

கோமில் கடித்தான். மோஹிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓர் எட்டு முன்னால் வந்தாள். அதற்குள் ஓய்ஷா ரொட்டியைத் துணியில் சுற்றிவிட்டு, நேரமாகிறது என்று விரட்டினாள். பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள், புருஷன் கடித்தால் பெண்டாட்டி கடித்த மாதிரிதானே என்று மோஹிரா தன்னைத் தேற்றிக்கொண்டாள். மாமியாரைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

விமானம் குஜாந்திலிருந்து. போகிற வழியில்தான் கோனிபோதோம், அவள் பிறந்த ஊர். கார் பெரிய சாலையை விட்டு அவளுடைய அப்பாவின் தெருவுக்குள் திரும்பியதும் மோஹிரா சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள். வாய்விட்டுக் கேட்காமலே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறானே! இந்த மனுஷனைப் போய்க் கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பச்சைக் கதவின் முன்னால் கார் நின்றது. "அஞ்சே நிமிஷம். அப்பாகிட்ட சொல்லிட்டு ஓடி வந்துடறேன். நீங்களும் எறங்குங்களேன்," என்றாள். கோமில் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் இறங்கிக் கதவைத் தட்டப் போகும்போது, டிரைவர் டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியை மட்டும் தெருவில் இறக்கி வைத்தான். அவளுடைய பெட்டி.

"அண்ணே, அது எங்களோட பிளேன்ல வர்ற பெட்டி," என்று சிரித்தாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் டிக்கியை மூடிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

மோஹிரா ஓடி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "என்னங்க, என் பெட்டிய எறக்கிட்டாரு. திரும்ப ஏத்தச் சொல்லுங்க, நேரமாகுது."

கோமில் கண்ணாடியைப் பாதி இறக்கினான். அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

"அம்மா உனக்கு ரொட்டி நீட்டினாங்களா?"