ஆறாம் நம்பர் ரயில்

“டவருக்குப் போக எந்த ரயில்?” குரலைத் தாழ்த்திக் கேட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

“ஆறாம் நம்பர்” என்றாள் மனைவி. “இல்ல... ஒம்போதா?”

தரையில் பாரிஸ் வரைபடம் விரிந்து கிடந்தது. கதவோரம் இரண்டு பெட்டிகள் பூட்டி, பெயர்ச்சீட்டு கட்டி நின்றன. வரைபடம் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் பாஸ்போர்ட்டுகளையும், இன்னொரு மூலையில் தூதரகத்திலிருந்து வந்த உறையையும் வைத்திருந்தார்கள். அந்த உறைப் பக்கம் மட்டும் இருவர் கண்ணும் போகவில்லை.

அவர் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி ஆரம்பித்தார். ஆறாம் நம்பர் ரயிலுக்கு ரப்பர் டயர், அதனால் கீச்சென்று கத்தாது. ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது ஜன்னலில் டவர் தெரியும். பாலம் முடிந்ததும் வருகிற நிலையத்தில் இறங்கிவிட வேண்டும்.

டவர் லிஃப்ட் நேராக ஏறாது, டவரின் சாய்ந்த காலோடு தானும் சாய்வாகவே ஏறும். அப்படியும் உள்ளே நிற்கிறவர்கள் ஒரு பக்கமாகச் சரிவதில்லை, ஏனென்றால் தரை மட்டமாகவே இருக்கும். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு இதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

“லிஃப்ட் கிடக்கட்டும். உங்க தங்கச்சி என்ன கேப்பா, அதைச் சொல்லுங்க.”

கீழ் வீட்டில் குடியிருக்கும் தங்கை மூன்று தடவை பாரிஸ் பார்த்தவள். இவர்கள் பாரிஸ் போகிற விஷயத்தைச் சொன்ன அன்று, தினமும் ஏறி இறங்குகிற லிஃப்ட் போதாதா அண்ணனுக்கு என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சிரித்தவள். நாளைச் சாயங்காலம் புருஷன், மாமியார் சகிதம் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு பதில் பிசகினாலும் போதும், அப்புறம் இந்தக் கட்டடத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

“ரொட்டிக் கடையில நுழைஞ்சதும் என்ன சொல்லணும்?”

அவள் ‘போன்ழூர்’ என்று சொல்லிப் பார்த்தாள். வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. இரண்டாம் தடவை அதுவும் வரவில்லை, அழுகைதான் வந்தது. என்னால் முடியாது, நாத்தனார் எதிரில் உளறிக் கொட்டிவிடப் போகிறேன், எங்காவது ஓடிப்போய்விடலாம் என்றாள்.

“அழாத. சத்தம் வெளிய போகுது” என்றார் அவர். நடுப்பகல் வெளிச்சம் கோடாக விழுந்த திரைச்சீலையை இன்னும் இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். “மறுபடி முதல்லேர்ந்து சொல்லு. டவருக்கு எந்த ரயில்?”

அழைப்பு மணி அடித்தது.

அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். மணி இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் தங்கையின் குரல் கேட்டது. வழக்கமான உரத்த குரல் இல்லை, கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுகிற குரல்.

“அண்ணி, ஒரு வாரமா உங்க வீட்டுத் தண்ணி எங்க சுவத்துக் குழாய் வழியாத்தான் எறங்கிட்டிருக்கு. பாரிஸ்ல சாப்பாடு சரியிருக்காதேன்னு கொண்டாந்தேன், வாங்கிக்குங்க.”